கரண்ட் இல்லாத நேரம் சீவல் அள்ளிய தம்பிக்கு

என் தம்பி சிவம்,

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வீதியில் படுத்துக் கிடந்த வருஷம். வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்த, நேரம் அறிவித்துக் கரண்டை வெட்டின வருஷம். சனாதிபதி நாட்டை விட்டு ஓடின செய்தி நீ செத்த எட்டாம் நாள், உன் எட்டுச்செலவு அன்றுதான் எங்களுக்கு வந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் கலா எழுதுகிறாள். உன்னைத் திட்டுவதையும் ஒரு சொல் விடாமல் எழுதவேண்டும் என்று சொல்லித்தான் இருத்தியிருக்கிறேன்.

உனக்கு மூளை எங்கே போனது? கரண்ட் வந்தவுடன் வேலை தொடங்கவேண்டும் என்று மில்லிங் மெசினின் சுவிச்சை நிறுத்தாமலே விட்டாய். ஊரெல்லாம் லைட்டை அப்படித்தான் விட்டுவைத்தது, கரண்ட் வந்தால் தெரியட்டும் என்று. லைட் ஆளைக் கடிக்காது. நீ இரும்பை வெட்டுகிற சாமானையல்லவா அப்படி விட்டாய்.

கரண்ட் இருக்கிற நேரத்தில் மினக்கெடக்கூடாதாம். அதனால் இல்லாத நேரம் பார்த்து இரும்புச் சீவலைத் துப்புரவாக்கினாய். பிரஷ் பக்கத்திலேயே கிடந்தது. நீ பழைய சாரத்துண்டைக் கையில் சுற்றிக் கட்டருக்குக் கீழே விட்டாய். அறிவித்த நேரத்துக்கு முந்திக் கரண்ட் வந்தது. முதலில் துணியை இழுத்தது, பிறகு கையை.

கலா பேனையை நிறுத்திவிட்டாள். எழுது பிள்ளை என்றேன்.

அடுத்த வீட்டு மஹ்ரூப்பின் ஓட்டோவில் சொட்டுப் பெற்றோல் இல்லை. அவரும் நானும் உன்னை மீன் வண்டிலில் கிடத்தித் தள்ளிக்கொண்டு ஓடினோம். ஆசுபத்திரி வாசலுக்குப் போகமுதல் நீ போய்விட்டாய்.

செத்த வீட்டில் எல்லாரும் விதி, விதி என்றார்கள். விதியா சுவிச்சைப் போட்டபடி விட்டது? மச்சான் முறையான ஒருத்தர் என் தோளைத் தடவி, "நேரம் வந்திட்டுது அத்தான்" என்றார். "வந்தது கரண்ட். நீ எழும்பிப் போ" என்றேன். இன்றைக்கும் அவரோடு எனக்குக் கதை இல்லை.

அந்த மெசினை விற்கச் சொன்னேன். உன் மகள் கேட்கவில்லை. கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து அதே அறையில் வள்ளத்து இஞ்சின் சாமான் வெட்டுகிறாள். போன கிழமை வேலை நடுவில் கரண்ட் போனது. அவள் குனிந்து சீவல் தட்டத் தொடங்கினாள்.

"கையை எடடி."

"கத்தாதேங்கோ பெரியப்பா. பிரஷாலதான் தட்டுறன்."

"சுவிச் நிப்பாட்டேல்லை."

"கிடக்கட்டும். வேற சுவிச் மாத்திப்போட்டன். கரண்ட் போய் வந்தால் மெசின் தானா ஓடாது. பச்சைப் பொத்தானை அமத்தினால்தான் ஓடும்."

நான் நம்பவில்லை. கரண்ட் வந்த பிறகு மெசினை ஓடவிட்டு, மெயின் சுவிச்சை நிறுத்தித் திரும்பப் போட்டுக் காட்டினாள். லைட் எரிந்தது. மெசின் அசையவில்லை.

"இது எப்ப வந்த சாமான்?"

"கனகாலமாக் கடையில இருக்கு."

"கொப்பர் இருக்கேக்கையுமோ?"

"ஓம், அப்பா இருக்கேக்கையும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் இன்னும் கூடினது. ஒரு பொத்தான், தம்பி. எந்தக் கடையிலும் கிடையாத சாமானையெல்லாம் வள்ளக்காரருக்குச் செய்து கொடுத்தாயே. உன் கைக்கென்று இதை ஒன்று பூட்டத் தோன்றவில்லையா? நான் இனி யாரோடு சண்டை பிடிப்பேன்?

அந்தப் பொத்தானையும் நான் முழுதாக நம்பவில்லை. அவள் சீவல் தட்டும்போதெல்லாம் பிளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். பெரியப்பாவுக்கு விசர் என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அன்றைக்கு அவள் கொழும்பில். நீ போட்ட சத்தம் அவளுக்குத் தெரியாது. குசினியிலிருந்து ஓடிவந்த உன் மனிசி போய்ச்சேர்ந்துவிட்டாள். மஹ்ரூப்பும் இந்த நோன்பு காலத்தில் மௌத்தாகிவிட்டார்.

நான் இருக்குமட்டும், உன் பிள்ளையின் கை அந்தக் கட்டருக்குக் கிட்டப் போகிற நேரம் பிளக் சுவரில் இருக்காது. இது என் வாக்கு.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களில் மிஞ்சியிருக்கிற ஒரே ஆள்,
உன் அண்ணன் இராசதுரை