இவளைப்போல் நீங்களும்

மச்சானுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் கிளைடர் கிளப்புக்கு ஆள் சேரவில்லை என்றால் அது உன் கவலை. அதற்கு என் மகளின் படம்தான் கிடைத்ததா?

என் ஆபீஸ் எதிரே, பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறாய். இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள். கீழே, "இவளைப்போல் நீங்களும் பறக்கலாம்!"

"இன்ஜினே கிடையாது அத்தான், அப்புறம் எது ரிப்பேராகும்?" என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் நீ சொன்னபோது அவள்தான் அதிகம் சிரித்தாள். மாமா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. உன் கிளைடர் விழுந்த வயலிலிருந்து அவளைத் தூக்கி வந்த நாள் முதல், உன் அக்கா வானம் தெரியும் ஜன்னலைத் திறப்பதில்லை.

நேற்று நிறுத்தத்தில் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம், "இந்த அக்கா முகத்துல பயமே இல்ல பாருங்க அங்கிள். நானும் சேரப்போறேன்" என்றாள்.

"பஸ் வந்துடுச்சும்மா" என்றேன். வரவில்லை.

அந்தப் பெண் உன்னிடம் வந்து, "அந்த அக்கா எங்கே?" என்று கேட்பாள். அதற்குள் படத்தை எடுத்துவிடு. நானே கிழித்திருப்பேன், அவள் முகத்தில் நகம் பட மனம் ஒப்பவில்லை.

'அத்தான்' என்று கையெழுத்திட மனம் வரவில்லை. 'அவள் அப்பா' என்று எழுதக் கை வரவில்லை. இப்படியே தபாலில் போடுகிறேன்.