தொழுகை விடாத மாதங்கள்

2024 ஒக்டோபர் 14
என்னைப் பெற்ற உம்மா சந்தையிலிருந்து மாங்காய் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார்.
“மூணு மாசமா ஒரு வக்தும் நீ தொழுகைய விடல்லியே புள்ள. எனக்கு விளங்காதா?”
மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை. நானோ தினமும் தொழுகிறேன். ஆகவே வயிற்றில் பிள்ளையாம்! போன கிழமை ஃபாமசியில் கர்ப்பச் சோதனைக் குச்சி வாங்கிச் சோதித்தேன், ஒரே கோடுதான். வயிற்றில் பிள்ளையும் இல்லை, சோறும் இல்லை. இதை நான் உம்மாவிடம் சொல்லவில்லை.

ஒக்டோபர் 15
உம்மா என் கணவர் றமீஸிடமும் சொல்லிவிட்டார். அவர் வட்டிலப்ப இனிப்போடு வந்தார். தின்பதுபோல் காட்டிவிட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். வழக்கம்போல.

ஒக்டோபர் 19
“புள்ளைக்கு ஒண்டும் ஆகிடப்படா” என்று அவர் தள்ளிப் படுக்கிறார். எனக்கு நிம்மதி. பொய்யில் நிம்மதி! வெட்கமாக இருக்கிறது. ஆசை என்பதே இந்த உடம்பில் இல்லை. நெருங்கினால் நோவுதான். இடுப்பில் அவர் கை பட்டால், சதை கூடித் தெரியுமோ என்றுதான் நினைப்பு ஓடும். “என்னப் புடிக்கல்லியா உனக்கு?” என்று ஒருமுறை கேட்டார். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை மச்சான். இதை எப்படிக் கதைக்கிறது?

ஒக்டோபர் 24
திங்கட்கிழமை கிளினிக்கில் கர்ப்பத்தைப் பதியவேணுமாம். யா அல்லாஹ், என்ன செய்யப் போறன்?

ஒக்டோபர் 28
லேடி டொக்டர் ஸ்கேன் பார்த்தார். உம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “நேத்து என்ன சாப்பிட்டீங்க?”
பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன். அழுகை முந்திவிட்டது.
“சாப்பாடு குறைஞ்சா மாதவிடாய் நிக்கும். ஆசையும் போகும், நோவும் வரும். இது வருத்தம், ஒரு நோய்; உங்கட குற்றமில்ல. மனநல டொக்டரையும் பாருங்க.”
வீட்டுக்கு வந்து றமீஸிடம் எல்லாம் சொன்னேன், நோவையும்.
“அப்ப என்னப் புடிக்காம இல்லியா?” கேட்டுவிட்டு அவரும் அழுதார். உம்மா எனக்கென்று வைத்திருந்த மாங்காய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டிசம்பர் 2
இன்று என் சோற்றில் கோழிகளுக்குப் போனது கொஞ்சம்தான்.

2025 ஜனவரி 20
இப்போது றமீஸ் தாடி மயிர் தெரியும் தூரத்தில் படுக்கிறார். தொடுவதற்கு முன் கேட்கிறார். “வேணாம்” என்றால் கோபமில்லை. ஆனாலும் பயம். எத்தனை நாளைக்குப் பொறுப்பார்?

ஏப்ரல் 9
நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் உம்மா எனக்கும் முசல்லாப் பாய் விரித்தார்.
“எனக்கு இண்டைக்குத் தொழுகையில்ல உம்மா.”
ஒன்பது மாதத்துக்குப் பிறகு. உம்மா என் முகத்தையே பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்று என் முசல்லாவைச் சுருட்டினார். தொழுது முடித்து நெடுநேரம் கையேந்தித் துஆக் கேட்டார். நான் சோற்றுப் பீங்கானோடு பக்கத்தில் இருந்தேன். வாசலில் கோழிகள் வெகுநேரம் பார்த்து நின்றுவிட்டுப் போய்விட்டன.