மீனா வீட்டுப் பாயில் ஓர் இடம்

மாசி 22, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. கடல் தட்டு மாதிரி கிடக்கிறதாம். வியாழன் காலை படகு என்று மெர்சிங் படகுத்துறையிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான்.

எடுத்து வைத்தவை: பித்தளைச் செம்பு, நெய், கற்பூரம், எள், வெள்ளைத் துணி, விபூதி. பத்து பாகாட் ஊரிலிருந்து என் கணவரின் அண்ணன், பெரியத்தான், நேற்றே வந்துவிட்டார். கையில் புதுச் சங்கோல் மண்வெட்டி. மண் வெட்ட இந்தத் தோட்டத்தில் கிடைக்காததா? கேட்கவில்லை.

ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் தேவலை. ஐப்பசிக் கடைசியில் தீவுக்குப் போனார். ஆஸ்பத்திரி வேலை, அங்குள்ளவர்களுக்கு அம்மை குத்த. சில நாளில் திரும்ப வேண்டியவர். பருவமழை முந்திக்கொண்டது, படகு நின்றது. மார்கழியில் காய்ச்சலில் இறந்திருக்கிறார். எனக்குச் செய்தி வந்தது தை கடைசியில். நடுவில் பொங்கல் வைத்தேன். அவர் நல்லபடி திரும்ப வேண்டும் என்று படைத்தேன்.

தீவில் புதைத்துவிட்டார்கள். எடுத்து எரித்துச் சாம்பலைக் கொண்டுவர வேண்டும் என்கிறார் பெரியத்தான். நம் குடும்பத்தில் யாரையும் புதைத்ததில்லையாம்.

பள்ளியில் கழித்தல் கணக்கு. கடன் வாங்கிக் கழிப்பது பாதிப் பிள்ளைகளுக்கு வரவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் அடுத்த வீட்டுச் சாரதா யாரிடமோ: "ஒரு சொட்டு அழல. கல்லாட்டம் இருக்குது வாத்தியாரம்மா." தப்பாகச் சொல்லவில்லை.

மாசி 23, புதன்

வெயில். மெர்சிங். பாக் சாலே என்ற படகுக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கல்.

சாப்பிடும்போது பெரியத்தான் சொன்னார்: "காரியம் முடிஞ்சதும் பங்குனிக் கப்பல்ல ஊருக்குப் போயிரு தங்கம். அம்மா பாத்துக்குவாங்க. இங்க தனியா என்ன செய்வே?"

சரி என்றேன். ஊர் என்பது நாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு இடம். நான் பிறந்தது இங்கே மலாயாவில், பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில். கப்பலையே பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்பது சுலபமாக இருக்கிறது.

பாக் சாலே வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார், என் கணவர் அங்கே மீனா வீட்டில்தான் இருந்தார், கடைசி வரைக்கும் மீனாதான் பார்த்துக்கொண்டாள் என்று.

பெரியத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "மீனாவா? தமிழ்ப் பொண்ணா?"

"ஓராங் பூலாவ்," என்றார் படகுக்காரர். தீவுக்காரி.

பிறகு பெரியத்தான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்தது. எனக்கும் அதே நினைப்பு வந்தது. வந்து அப்படியே நின்றது. வலிக்கவில்லை.

மாசி 24, வியாழன்

காற்றில்லை. பாதி வழி துடுப்பு. பெரியத்தான் இரண்டு தடவை வாந்தி. நான் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பகல் சாய்வதற்குள் தீவு. தென்கரையில் கால் வைத்து நிற்கும் வீடுகள். வடகரையிலும் இருக்கிறதாம், மலைக்கு அந்தப் பக்கம். மீன் கருவாட்டு நாற்றம். கூட்டமாக வந்து நின்றார்கள். பிள்ளைகளைத் தாய்மார்கள் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை.

பெங்ஹுலு, ஊர்த்தலைவர், வயதானவர், ஒரு கண் வெள்ளை. கேட்க வேண்டியதை மலாயில் நானே கேட்டேன், பெரியத்தானுக்குக் கடைத்தெரு மலாய்தான் வரும். தோண்டி எடுக்க அனுமதி வேண்டும் என்றேன்.

"என்கிட்ட கேக்காதே. அவனோட தங்கச்சிகிட்ட கேளு."

"அவருக்குத் தங்கச்சி கிடையாது."

"இருக்கா," என்று கை காட்டினார்.

மீனா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். முன்பல் ஒன்று இல்லை. பக்கத்தில் புருஷன், பின்னால் நான்கு பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். வாயைப் பொத்தாமல், சத்தமாக, மூக்கு ஒழுக. என் கணவருக்காக ஒரு ஆள் அழுவதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கருவாட்டுச் செதில் ஒட்டியிருந்தது.

மாசி 25, வெள்ளி

விடிந்து லேசான தூறல், உடனே வெயில்.

மீனா சொன்னது, நினைவிருக்கிறபடி:

இந்தத் தீவில் பால்பல் விழாத பிள்ளையை வெளியாள் தொடக்கூடாது. தொட்டால் பிள்ளையின் உயிர் அந்த ஆளோடு படகேறிவிடும். அவர் ஊசியும் மருந்துமாக வந்து இறங்கினார், யாரும் கை நீட்டவில்லை. தினமும் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்திருப்பாராம். அதிகாரம் பண்ணவில்லை, திட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருப்பார்.

மீனாவின் அண்ணன் போன வருஷம் கடலில் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. கடல் கொண்டுபோனவனுடைய இடத்தை அடுத்த மழைக்காலத்துக்குள் நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடல் அதே வீட்டில் இன்னொருவரைக் கேட்கும். இது அவர்கள் வழக்கம். தங்கள் முன்னோர் படகிலேயே பிறந்து படகிலேயே இருந்தவர்கள், தரைக்கு வந்த பிறகும் இதை மட்டும் விடவில்லை என்றார் பெங்ஹுலு.

"பாயில இடம் காலியா இருந்திச்சி. அவர் பலகையில சும்மா உக்காந்திருந்தாரு," என்றாள் மீனா. "கூப்பிட்டேன். ஒரே தட்டுல சோறும் உப்பும் போட்டேன். தின்னாரு. அப்புறம் எங்களுக்கு அண்ணன், அபாங் தேசா ஆயிட்டாரு."

நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை அவர் பெயரை. இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நடேசன், தேசா.

அதன்பின் மீனாவின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். மாமன் தொடலாம். தென்கரை முழுக்க மீனாவின் சொந்தம், அங்கே எல்லாருக்கும் குத்தினார். வடகரைக்காரர்கள் வேறு வகையறா, ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல். குவினைன் மாத்திரை தீர்ந்துவிட்டது.

"உன்னைப் பத்திச் சொல்லுவாரு. அரிசி களையும்போது பாடுவியாம்."

நான் பாடியதாக எனக்கு நினைவில்லை.

பெரியத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு புரிந்ததோ. கடைசியில் "இந்தம்மாவுக்கு என்ன வயசு?" என்றார். சொன்னேன். மெர்சிங்கில் நினைத்தது உறுத்தியதோ என்னவோ, எழுந்து கடலோரம் போய் நின்றுகொண்டார்.

மாசி 25, பிற்பகல்

சமாதியைப் பார்த்தோம். அவர்கள் மயானத்தில் இல்லை. அதற்கு வெளியே, கெத்தாப்பாங் மரத்தடியில். மேலே ஓலைக் கூரை. கூரைக்குக் கீழ் மண்சட்டியில் நெருப்பு, தேங்காய் மட்டைக் கங்கு.

மீனாவின் புருஷன் சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு என்ன வழக்கம்னு அவரையே கேட்டோம். நெருப்புன்னாரு. எரிக்கப் பாத்தோம். மழை. விறகெல்லாம் ஊறிப்போச்சி, பிடிக்கவே இல்ல. அதனால மண்ணுக்குள்ள வெச்சிட்டு நெருப்பை மேல வெச்சோம். மீனா அணைய விடல."

மழைக்காலம் முழுதும்.

பெரியத்தான் சங்கோலைக் கீழே போட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தம்பி என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். கங்கு மேல் சாம்பல் எப்படிப் படிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுக்கலாமா என்று மீனாவிடம் கேட்டேன். நாங்கள் கேட்டதே அவளுக்குப் போதும் போலிருந்தது.

"இப்ப விறகு காஞ்சிருக்கு," என்றாள்.

மாசி 26, சனி

நல்ல வெயில்.

வீட்டுக்கு ஒரு கட்டை. சாவுக்கு அதுதான் கணக்காம். காலையிலிருந்து கொண்டுவந்து அடுக்கினார்கள். வடகரைக்காரர்களும் மலையேறி இறங்கி வந்தார்கள், தோளில் கட்டை. வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். பெங்ஹுலு என்னிடம் மட்டும்: "கரையில போய் இதைச் சொல்லிக்கிட்டு இருக்காதே. எங்க மார்க்கத்துல இது கிடையாது. பள்ளிவாசல் லெபாய்க்குத் தெரிஞ்சா சத்தம் போடுவாரு."

தோண்டும்போது நான் பார்க்கவில்லை. பெரியத்தான் பார்த்தார். மீனாவின் புருஷன் உடன் நின்றார். வெள்ளைத் துணி போதவில்லை, மீனா ஒரு சாரோங் கொடுத்தாள், பச்சைக் கட்டம்.

பெரியத்தான் கற்பூரத்தை எடுத்தார். சட்டி நெருப்பைப் பார்த்தார். கற்பூரத்தை மடித்து வைத்துக்கொண்டு, "அந்தக் கங்கையே எடுத்துக் குடுக்கச் சொல்லு தங்கம்," என்றார். மீனா தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிக் கொடுத்தாள். அவர் சிதையில் வைத்தார்.

பிடித்துக்கொண்டது.

புகை கடல் பக்கம் போனது. நண்டுகள். வெயிலில் தலை வலி. மத்தியானம் சாப்பிட்டேன், சோறும் உப்பு மீனும். பாயில் மீனாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். சின்னவன் வந்து என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தான். யாரும் அவனை இழுக்கவில்லை.

மாசி 28, திங்கள்

நேற்றுக் கரை சேர்ந்தோம். பாதிச் சாம்பல் மீனாவின் படகிலிருந்து அங்கேயே கடலில். மீதி செம்பில்.

கிளம்பும்போது பெங்ஹுலு ஒரு கூடை ஆமை முட்டை கொடுத்தார். முட்டை எடுப்பதில் வீட்டுக்கு வீடு பங்கு உண்டு. என் கணவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அது இப்போது எனக்கு. "நாம திங்கிறதில்லையே," என்றார் பெரியத்தான். ஆனால் படகில் அவர்தான் கூடையை உடையாமல் பிடித்துக்கொண்டு வந்தார். சாரதாவிடம் கொடுத்தேன்.

பங்குனி 4, ஞாயிறு

காரியம் முடிந்தது. வெயில் தாங்கவில்லை. கப்பலுக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. பள்ளிக்கு வேறு ஆள் வருகிறாராம். இரண்டு பெட்டி. அவர் சட்டைகளை என்ன செய்வது?

பங்குனி 7, புதன்

கட்டிவைத்த பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் ஒருவர் வந்தார். தேவசகாயம், அவருடைய வேலைக்குப் புதிதாக வந்தவர். சிகாமட் பக்கம், வேதக்காரர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா, தீவுக்குப் போயிட்டுத்தான் வரேன். வடகரையில கிட்டவே சேக்கல. இங்க கரையோரக் கம்பத்துல, மலாய் ஊருல, பெரியம்மை வந்திருச்சி. ஒரு படகு போதும், அங்க போயிரும். அந்தப் பிள்ளைங்க ஒண்ணுக்கும் குத்தல."

"நான் என்ன செய்ய முடியும்?"

"வடகரைக்காரங்களே சொன்னாங்க. நாங்களும் கட்டை வெச்சோம், அதனால தேசா எங்களுக்கும் சொந்தம்தான். அவரோட பினி, பொஞ்சாதி வந்து பிள்ளையைப் பிடிச்சிக்கிட்டா, நீ குத்துன்னாங்க. கப்பல் ஏறப் போறீங்கன்னு தெரியும். கேக்காம இருக்க முடியல."

பெரியத்தான் உள்ளேயிருந்து வந்தார். "என்ன தம்பி பேசறீங்க? பொம்பளை, புருஷன் செத்து மூணு மாசம் ஆகல, கடல்ல போயி..." முடிக்கவில்லை. தீவில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் திரும்ப வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"நான் போறேன் பெரியத்தான்."

"கப்பல்?"

"போகட்டும்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. இத்தனை நாளில் சரி என்பதைத் தவிர நான் சொன்ன வேறு வார்த்தை இது. பெரியத்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தேவசகாயத்திடம், "உக்காருங்க தம்பி. காப்பி குடிக்கிறீங்களா?" என்றார்.

காப்பி போடப் போனேன். தூள் டப்பாவைத் திறந்தேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தமாகத்தான். இரண்டு பேரும் உள்ளே வரவில்லை.

நாளை மறுநாள் படகு. அம்மை மருந்து வெயில் பட்டால் கெட்டுவிடுமாம். ஈரத்துணி சுற்றி, கரை சேரும் வரை துணி காயாமல் நான் நனைத்துக்கொண்டே வர வேண்டும்.