என்ஜின் மூடியில் எலுமிச்சைக் கறை

அக்டோபர் 1, புதன்

காலையிலிருந்து தூறல். ஆயுத பூஜை.

எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் பேசிக்கொள்வது தவறு. புருஷன் நினைவாக நான் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கவில்லை. அவர் இருந்தபோதும் நான்தான் துடைத்தேன். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வருவார், சேற்றோடு சாய்த்து நிறுத்துவார், சோற்றுக்கு உட்காருவார். என்ஜின் பளபளப்பு முப்பத்தெட்டு வருஷமாக என் கை வேலை.

நேற்றே முடித்துவிட்டேன். முதலில் சோப்புத் தண்ணீர் (தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டுத் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல்தான்), பிறகு பாலிஷ், மேலே மெல்லிசாக மெழுகு. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, “அக்கா, இதுல மொகம் பாத்துத் தல வாரிக்கலாம்” என்றாள்.

ஞாயிறன்று ஊரிகம் மைதானத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி. முதல் தடவையாக வண்டியை என் பெயரில் கொடுத்திருக்கிறேன்.

வண்டி நிற்பது தொழிலாளர் சங்கத்து ஷெட்டில். சாவி செயலாளர் முனிரத்தினத்திடம். அவனிடம் சொன்னேன்: சக்கரத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் பொட்டு வை, என்ஜின் மேல் எதுவும் வேண்டாம். தலையாட்டினான்.

மூட்டு வலி. பூஜைக்குப் போகவில்லை. பொரி வீட்டுக்கே வந்தது, நமுத்துப்போய்.

அக்டோபர் 2, வியாழன்

வெயில். பத்து மணிக்கு ஷெட் திறக்கச் சொன்னேன். என்ஜினின் கிளட்ச் பக்க மூடி முழுவதும் சந்தனம், குங்குமம். நடுவில் பாதி எலுமிச்சம்பழம், கவிழ்த்து ஒட்டியபடி. ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறது. எடுத்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். சாறு வழிந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு.

“இன்னா பெரிம்மா,” என்றான் முனிரத்தினம், “இதுக்குப் போயி கோவிச்சிக்கிறீங்க? அம்மாம் பளபளப்பு! கண்ணு பட்டுடும்னுதான் நல்லாப் புழிஞ்சி உட்டேன்.”

“அலுமினியத்தில் புளிப்பு படலாமா?”

“சாமிக்கு வெச்சது பெரிம்மா. அது இன்னா பண்ணும்?”

சாமி ஒன்றும் பண்ணவில்லை. பழம் பண்ணியது.

அக்டோபர் 3, வெள்ளி

பாலிஷ் மூன்று தடவை. கறை அசையவில்லை. கன்னியம்மாவின் யோசனை: “புளி போட்டுத் தேய்ங்கக்கா, குத்துவிளக்கு மாதிரி ஆயிடும்.” இன்னொரு புளிப்பு! மூடியைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

ஆண்டர்சன்பேட்டையில் வாங்கியவை: மிக நைசான உப்புத்தாள் 2, பாலிஷ் டப்பா 1, வலி தைலம் 1.

தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில். விரல் நுனி எரிகிறது.

அக்டோபர் 4, சனி

கோடுகள் போய்விட்டன. வட்டம் போகவில்லை. இன்னும் தேய்த்தால் மூடியில் பள்ளம் விழும். நிறுத்திவிட்டேன். மறுபடி மெழுகு. நான் வேலை பார்த்த கான்வென்டில் ஜன்னல் கொக்கியில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் சிஸ்டர் மறுபடி துடைக்கச் சொல்வார். இதைப் பார்த்தால்?

போகாமல் இருந்துவிடலாமா. இல்லை. பெயர் கொடுத்தாயிற்று.

அக்டோபர் 5, ஞாயிறு

மைதானம். நல்ல வெயில், வட்டம் இன்னும் தெளிவாக. வண்டியை முனிரத்தினம்தான் ஓட்டி வந்து நிறுத்தினான். ஹேண்டில்பாரில் அட்டையையும் அவனே மாட்டினான். கண்ணாடி போட்டுப் படித்தேன்: “மறைந்த ஏகாம்பரம் அவர்கள் பளபளப்பாகப் பராமரித்த வண்டி.”

பாலகாட் லைனிலிருந்து வந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது கறை? ஏகாம்பரண்ணன் இருந்திருந்தா இப்டி உட்டிருப்பாரா?” என்றார்.

முனிரத்தினம் பக்கத்திலேயே நின்றான். அட்டையை நேராக்கினான். நான் துணியை எடுத்து மூடியைத் துடைக்கக் குனிந்தேன். அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயம்.

ஏகாம்பரம் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பாலிஷ் டப்பா எந்த அலமாரியில் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அக்டோபர் 6, திங்கள்

மேகமூட்டம். ரேஷனுக்குப் போகவில்லை. சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கன்னியம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். நகல்:

செயலாளர் முனிரத்தினத்துக்கு. உன் பக்தியில் குறை சொல்லவில்லை. பூஜை வருஷா வருஷம் வரும், நானும் மறுபடி துலக்குவேன். அதனால் இரண்டே கேள்வி. ஷெட்டின் இன்னொரு சாவி என்னிடம் இருக்கலாமா? அட்டையில், “ஓட்டியவர் ஏகாம்பரம். துலக்குபவர் ராஜேஸ்வரி” என்று மாற்றி எழுதுவாயா? நேரில் வந்து சமாதானம் சொல்ல வேண்டாம். உண்டு, இல்லை என்று தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு.