செத்தவை வந்து கேப்பினமோ?

02.08.2017, புதன்

மெசின் இன்று தொண்ணூற்றிரண்டு வீதம் நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. எனக்குப் பயமில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பேசாலையில் வீட்டுக்குள் சேர்வர் வைத்திருக்கிற ஒரே மனிசன் நான். ஹுசைனின் தேத்தண்ணிக் கடையில் மன்னாருக்கே நான்தான் என்று சொன்னேன்; யோசித்துப் பார்த்தால் வடமாகாணத்துக்கும் நான்தான். தங்கச்சியின் மகள் பெற்றிசியாவின் வீடியோக் கடை கடற்கரையோரம். உப்புக்காற்று எந்த இரும்பையும் தின்றுபோடும். அதனால் கடையில் எடுக்கிற கலியாணம், பிள்ளைகளின் முதல்நன்மை, செத்தவீடு வீடியோ எல்லாம் இன்ரநெற் வழியே வந்து என் உள்ளறை அலுமாரியில் இருக்கிற இந்த மெசினுக்குள் சேரும்.

போன கிழமை அவள் பிள்ளைப்பெறுவுக்குக் கொழும்புக்குப் போனாள். பிறசர் கூடிவிட்டது. "அவவுக்கு ஒரு யோசனையும் கவலையும் குடுக்கக்கூடாதாம், மாமா" என்று புருசன் சுஜீவன் சொல்லிவிட்டுப் போனான். அவள் வாகனத்தில் ஏறி இருந்துகொண்டு, "மாமா, ஒண்டையும் தொடாதேங்கோ, பாத்துக்கொண்டு மட்டும் இருங்கோ" என்றாள்.

"மண்டபம் அகதி முகாமில கலெக்டரே என்னைக் கேட்டுத்தான் கையெழுத்து வைச்சவர். இதென்ன பிள்ளை, ஒரு தகரப்பெட்டி" என்றேன்.

04.08, வெள்ளி

தொண்ணூற்றைந்து. கடையில் நிற்கிற சுகந்தினி இரண்டு கலியாணம் அனுப்பியிருக்கிறாள். நூறு வந்தால் என்ன நடக்கும்? வெடிக்குமோ? வியாழன் ஹுசைனின் மகள் பஸ்னாவின் கலியாணம். "பொம்பிளையள் பக்கத்தைப் பொம்பிளைப்பிள்ளைதான் எடுக்கவேணும்" என்று ஹுசைன் எங்கள் கடைக்குக் குடுத்த வேலை. "உன்ர மகளின்ர படம் என்ர வீட்டில, நெஞ்சுக்குப் பக்கத்தில இருக்கும்" என்று அவனுக்கு நான்தான் வாக்குக் குடுத்தனான்.

ஏன் குடுத்தனான்?

06.08, ஞாயிறு

தொண்ணூற்றேழு.

பூசை முடிந்து சேமக்காலைப் பக்கமாக வந்தேன். எமிலியானுஸின் குழியில் மண் இன்னும் இறங்கவில்லை. ஜூனில் போனவன். முப்பது வருசம் ஒரே வள்ளம் நாங்கள். சவப்பெட்டிக்கு முன் வலது தோள் நான்தான். கோவிலில் இருந்து சேமக்காலை வரைக்கும் தோள் மாற்றவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஹுசைனும் வந்தவன், பின்னால் எங்கோ நின்றிருப்பான். பிரான்சில் விசா இல்லாமல் நிற்கிற, எமிலியானுஸின் மகன் ஜெயகாந்துக்கு அன்றைக்கே எல்லாம் விபரமாகப் போனில் சொன்னேன். அவனுக்கு வர ஏலாது. செத்தவீட்டு வீடியோவையும் இப்போது வேண்டாம் என்றுவிட்டான்.

"இப்ப பாக்க ஏலாது, மாமா. மனம் வரேக்க கேப்பன். அதுவரைக்கும் வச்சிருங்கோ."

"என்ர உயிர் போனாலும் படம் போகாது" என்றேன்.

07.08, திங்கள்

இன்று ஒரு முடிவெடுத்தேன். முடிவெடுக்கிறதில் என்னை வெல்ல ஆளில்லை.

மனிசி லூர்தம்மா காலையிலேயே தொடங்கினாள். "கலியாணத்தையும் செத்தவீட்டையும் ஒரே அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கிறியள். சீலை எடுக்கக் கதவைத் திறக்கவே எனக்கு நெஞ்சு இடிக்குது." பெற்றிசியாவும் அவ்வளவு தெரியாதவள் இல்லை, செத்தவீடுகளை மெசினுக்குள் புறம்பாகத்தான் வைத்திருக்கிறாள். அதை முழுவதும் ஒரேயடியாக அழித்தால் பஸ்னாவுக்கு இடம் வரும்.

"கலியாணக்காரர் நாளைக்கு வந்து கேப்பினம். செத்தவை வந்து கேப்பினமோ?" என்றேன். லூர்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அழித்தேன். எமிலியானுஸின் பெயரில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது. கடையிலும் ஒரு பிரதி இருக்கும். இருக்கும்தானே.

08.08, செவ்வாய்

இல்லை, குறையேல்லை. அதே தொண்ணூற்றேழு. அழிச்சனான், கண்ணாலை பாத்தனான், பெயர் எல்லாம் போயிட்டுது. ஆனா இடத்தை விடுகினமில்லை. ஆக்களைக் குடியெழுப்பிவிட்ட வீட்டில் ஆக்கள் இன்னும் இருக்கிற மாதிரி. அலுமாரிக்குள் டக், டக் என்று ஒரு சத்தம். இது முன்னமும் இருந்ததோ?

ஹுசைனுக்குச் சொன்னேன். அவன் தேத்தண்ணி ஆத்துறதை நிப்பாட்டிவிட்டுப் பார்த்தான். "மையித்துகளோட சேட்டை விட்டிருக்கிறாய், அமிர்தம். கவனம். அது கிடக்க, என்ர மகளுக்கு இடம் இருக்கோ இல்லையோ?"

"இருக்கு, இருக்கு. ரெண்டு மகள் இருந்தாலும் காணும்."

வழியில் வரும்போதுதான் பெற்றிசியா முந்தி சொன்னது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு இரவும் மெசின் தன்னைத்தானே ஒரு படம் எடுத்து வைக்கும். ஸ்னாப்ஷொட். பகலில் நாங்கள் எதை அழித்தாலும், முந்தின இரவுப் படங்களுக்குள் அது கிடக்கும். அந்தப் படங்களையும் அழித்தால்தான் இடம் வரும். அவள் சொன்னபோது நான் பாதியில் மறித்து, "விளங்குது பிள்ளை, மீனைத் திண்டாலும் கருவாடு மிச்சம்" என்று ஆக்களைச் சிரிக்க வைத்தேன். மிச்சத்தைக் கேட்கவில்லை.

09.08, புதன்

படங்களைக் கண்டுபிடித்தேன். இரவுக்கு ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. பழசிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தேன். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. அதற்குக் கீழே இறங்கவில்லை. செத்தவீடுகளை அழிக்க முந்தின இரவு, ஆறாந் திகதிப் படம் ஒன்றுதான் பாக்கி. அவ்வளவு பேரும் அதுக்குள்ளதான் இருக்கினம். எமிலியானுஸும்.

விரலை வைக்க, உள்ளே டக் என்றது. மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். பயம் இல்லை. வெக்கை.

மிச்சம் ஐந்து வீதம் பஸ்னாவுக்குப் போதும்.

10.08, வியாழன்

கலியாணம் நல்லபடி. ஐந்தாறு பேர் சேர்ந்து சாப்பிடுகிற புரியாணிச் சகன் மூன்றை நான் தனியே முடித்தேன். இரவுக்கு லூர்தம்மாவின் சுக்குக் கசாயம்.

14.08, திங்கள்

செத்தவை கேட்கவில்லை. செத்தவன்ர மகன் கேக்கிறான்.

பின்னேரம் ஜெயகாந்த் போன் எடுத்தான். "நாளைக்கு மடு மாதா பெருநாளெல்லோ, மாமா. அப்பா ஒரு வருசமும் விடாமல் போறவர். நாளைக்குப் பாப்பம் எண்டு மனசு வந்திட்டுது. நீங்கள் தூக்கிக்கொண்டு போறதைப் பாத்துக்கொண்டு நானும் கூட நடந்த மாதிரி இருக்கும். அனுப்புவியளோ?"

"அனுப்பாமல்? உடன அனுப்புறன்."

கடைக்கு ஓடினேன். சுகந்தினி, "மெசினில கிடக்குத்தானே எண்டு அக்கா போனமாதமே இங்க அழிச்சவா" என்றாள். என் முகத்தைப் பார்த்துப்போட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். ஆறாந் திகதிப் படம் ஒன்று இருக்கிறது என்றேன். "பத்து இரவுக்கு மேல மெசின் வச்சிருக்காது, மாமா. பழசு தானா விழுந்திடும். அது புதன் விடிய விழும். எடுக்கிற விதம் அக்காவுக்குத்தான் தெரியும்."

அவளுக்கு யோசனை குடுக்கக்கூடாது. பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?

15.08, செவ்வாய்

ஊர் முழுக்க மடுவில். லூர்தம்மாவும் போய்விட்டாள். நானும் மெசினும்.

சும்மா இருந்தால் போதும். விடிய அது தானே விழும். "மின்னல் அடிச்சுப்போட்டுது, தம்பி" என்று சொல்லலாம். கதை ஏற்கெனவே வந்துவிட்டது: நீல வெளிச்சம், அலுமாரிக் கதவு பறந்தது, நான் வெறுங்கையால் வயரைப் பிடுங்கியது. நல்ல கதை. ஹுசைன்கூட நம்புவான்.

செத்தவீட்டு வீடியோவும் இல்லாமல் போகும். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதுவும் எனக்குப் பயம்தான். எழுதிப்போட்டன், இருக்கட்டும்.

ஆனால் அந்தப் பெடியன் மனம் வந்து கேட்டவன். ரெண்டு மாசம் எடுத்திருக்கு.

பின்னேரம் சுஜீவனின் போனுக்கு எடுத்தேன். பெற்றிசியாதான் கதைத்தாள். "மாமா! பொம்பிளைப்பிள்ளை! விடியப்புறம் பிறந்தது!" பின்னால் கீச்சென்று ஒரு அழுகை. பிறகு நடந்ததைச் சொன்னேன். கூட்டாமல், குறைக்காமல்.

பிள்ளையைச் சுஜீவனிடம் குடுக்கிறது கேட்டது.

"ஆறாந் திகதி நிக்குதோ, மாமா?"

"நிக்குது."

"பக்கத்தில ஒரு பூட்டு மாதிரி இருக்கெல்லோ? அதை அமத்துங்கோ. பூட்டினா விழாது."

இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாந்தரம் பூட்டியது.

"இனி மிச்சத்தை இவர் இங்கயிருந்து எடுத்து ஜெயகாந்துக்கு அனுப்புவார். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில இருங்கோ."

"பிறசர் எப்பிடி, பிள்ளை?"

"இவ்வளவு நேரமும் நல்லாத்தான் இருந்தது."

16.08, புதன்

விடியப் பார்த்தேன். பூட்டினபடியே நிற்கிறது. ஜெயகாந்திடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

18.08, வெள்ளி

இன்னும் இல்லை. போன் அடிக்க ஓடினேன். சீட்டுக்காரன்தான் எடுத்தது.

20.08, ஞாயிறு

பூசையால் வந்து சட்டையைக் கழற்ற, ஜெயகாந்த் எடுத்தான்.

"பாத்தனான், மாமா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "முன் வலது தோள் ஹுசைன் மாமா."

"ஓம்."

"முழு வழியும் அவர்தான்."

"ஓம், தம்பி."

"உங்களைத் தேடித் தேடிப் பாத்தனான். எல்லாருக்கும் பின்னால வாறியள். அழுதழுது வாறியள். கையில என்னவோ இருந்தது. நிப்பாட்டிப் பாத்தனான். அப்பாவின்ர செருப்பு."

வாசலில் கிடந்தது. மிதித்துப்போடுவார்கள் என்று எடுத்தேன். பிறகு கீழே வைக்க இடம் தெரியவில்லை.

"இப்ப எங்க அது?"

"அலுமாரிக்குள்ள. மெசினுக்குப் பக்கத்தில."

"நான் வருமட்டும் வச்சிருங்கோ, மாமா."

"வச்சிருக்கிறன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.