ஒன்பதாம் இலக்க எஞ்சின்

2024 பெப்ரவரி 4, ஞாயிறு

இங்கிலாந்தில் பழைய ரயில் எஞ்சின்களின் வரலாறு சேர்க்கும் சங்கத்துக்கான பட்டியல். பன்னிரண்டு நீராவி எஞ்சின்கள். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் செய்து இலங்கைக்கு இறக்கியவை. தண்ணீர்த் தொட்டியைத் தங்கள் உடம்பிலேயே சுமந்துகொண்டு துறைமுகத்தில் எழுபது வருசம் பெட்டி தள்ளின. எது எப்போது வந்தது, எப்போது வெட்டி இரும்புக்குப் போனது என்று கட்டம் கட்டமாக நிரப்புகிறேன். கடைசிக் கட்டம் 'சான்று'. கடுதாசி இருந்தால்தான் எழுதுவேன், வாய்க்கதை செல்லாது. இங்கே கனடாவில், மிசிசாகாவில் விமான உதிரிப்பாகங்களுக்கு இருபத்தெட்டு வருசம் பதிவு வைத்தவளுக்கு வேறு எப்படி வரும்?

பெப்ரவரி 10

இலக்கம் 4: 1964 வரை ஓடியது. சான்று: பணிமனைப் பதிவேடு.

இலக்கம் 9: 1958இல் வெட்டப்பட்டது. சான்று: பணிமனைப் பதிவேடு.

அப்பா சொன்ன ஒன்பது இதுதான். 1961இல் அப்பா ஓட்டிய எஞ்சின் நிற்காமல் போய்த் தடுப்பை உடைத்தது. "இலக்கத் தகட்டில நாலெண்டு கிடந்தாலும் அது ஒன்பதுதான். அதின்ர பிறேக் பிந்தித்தான் பிடிக்கும்" என்றார். விசாரணையில் சிரித்தார்களாம். ஒன்பதை வெட்டி மூன்று வருசம், நாலின் பிறேக்கில் பிழையில்லை என்று பதிவு இருக்கிறது. வேலை போனது. அதன் பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நானே பதிவேட்டின் பிரதியைக் காட்டி, "அப்பா, இந்தப் பொய்யை விடுங்கோ" என்றேன். சாகும்வரை என்னோடு எஞ்சினைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

பெப்ரவரி 11

பனி. பூசைக்கும் போகவில்லை.

பெப்ரவரி 24

மல்வேர்னில் கிளிபோட் அங்கிள் வீடு. அந்தப் பணிமனையில் எஞ்சின் கழற்றிப் பூட்டும் பிற்றராக இருந்தவர், இப்போது எண்பத்தாறு வயது. பட்டியலை வாசித்துக்கொண்டு வந்து ஒன்பதில் விரலை வைத்தார்.

"இது பிழை, பிள்ளை. வெட்டினது நாலை."

நாலின் அடிச்சட்டத்தில் வெடிப்பு. ஆனால் அதன் பொயிலர் புதிது, ஓட்டலாம் என்ற சேட்டிபிக்கற்றும் நாலாம் இலக்கத்தில் இருந்தது. ஒன்பதின் அடிச்சட்டம் நல்லது, பொயிலர்தான் முடிந்துவிட்டது. நாலின் பொயிலரைத் தூக்கி ஒன்பதில் வைத்தார்கள்; சக்கரமும் பிறேக்கும் ஒன்பதினுடையவைதான். புதுச் சேட்டிபிக்கற் எடுக்க மாதக்கணக்காகும் என்று இலக்கத் தகட்டையும் மாற்றிவிட்டார்களாம்.

"எல்லா இடமும் செய்யிறதுதான். தகட்டைக் கழட்டினது நான்."

"விசாரணையில ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா என்ர வேலையும் போயிருக்கும். நீர் யேசுரட்ணத்தின்ர மகள் எண்டு தெரிஞ்சுதான் இப்ப சொல்லுறன்."

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உடம்பெல்லாம் கோபம். அந்தாளில எண்டுதான் நினைச்சன் — இல்லை, என்னிலதான். அப்பாவைப் பொய்யன் எண்டு முகத்துக்கு நேர சொன்னது கிளிபோட் இல்லையே. நான்தானே?

மார்ச் 2

தபாலில் கிளிபோட் அங்கிளின் கடிதம். நடந்ததை முழுக்க எழுதி, கீழே கையொப்பமும் திகதியும் வைத்திருக்கிறார். கேட்காமலே அனுப்பியிருக்கிறார். நன்றி என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை.

ஆக, இப்போது கடுதாசி இருக்கிறது.

மார்ச் 9

பட்டியலை இங்கிலாந்துச் சங்கத்துக்கு அனுப்பினேன்.

இலக்கம் 4: 1958இல் வெட்டப்பட்டது, 9 என்ற தகட்டுடன்.
சான்று: பிற்றர் கிளிபோட், கடிதம்.

இலக்கம் 9: 1964 வரை ஓடியது, 4 என்ற தகட்டுடன். பிறேக் பிந்திப் பிடிக்கும்.
சான்று: ட்ரைவர் யேசுரட்ணம், வாய்ச்சொல்.