நீ பாத்ரூமில் வழுக்கி விழவில்லை

இன்று காலை நம் ஆபீஸ் வாசலில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு கிடந்தது. நீலப் பட்டை, குதிகால் பக்கம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. நீதான் உள்ளே உட்கார்ந்து சாயா குடிக்கிறாய் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். நீ போன மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்தது பிறகுதான் உறைத்தது.

செருப்பு செல்வியுடையது. உன் இடத்துக்கு வந்திருக்கும் போட்டோகிராபர். தாராவிப் பெண். நம் தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், கேமராவில் கெட்டி. வேலைக்குப் போகும் இடத்தில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று அவளுக்குச் சொல்லித்தரும் பொறுப்பை எடிட்டர் என் தலையில் கட்டினார்.

சொன்னேன். பட்டறைக்குள் நுழைந்தால், கேமராவை எடுக்கும் முன் வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா என்று பார். தொங்கும் வயரைக் கையால் ஒதுக்காதே. தோல் பட்டறையில் தலை சுற்றினால் படத்தை விட்டுவிட்டு வெளியே வா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சிமெண்ட் ஷீட் கூரையில் ஏறவே கூடாது என்றதும் சிரித்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய? எனக்கு முன்னால இருந்தவிய கூரையிலதான குடியிருந்தாவ! போல்ட் வரிசையில கால் வச்சா ஒண்ணும் ஆகாதாம்லா. கடைசில கட்டில்ல தூங்கும்போதுதான போனாவ?"

உயிரோடு இருந்தபோதும் நீ என் பேச்சைக் கேட்டதில்லை. இப்போது செத்தும் அவள் பக்கம் நிற்கிறாய்.

போல்ட் வரிசைக்குக் கீழே இரும்புக் குழாய் ஓடும், அது ஆளைத் தாங்கும் என்று தாராவிக்கே பாடம் எடுத்தவன் நீ. சரிதான். ஆனால் நல்ல படம் போல்ட் வரிசையில் காத்துக்கொண்டு நிற்காது. அதை மட்டும் யாரிடமும் நீ சொல்லவில்லை.

நீ போவதற்குச் சில வருஷம் முன்பு, ஜீன்ஸ் தைக்கும் அந்தப் பட்டறையின் கூரை. மழை விட்டிருந்த மத்தியானம். நான் ஏணியின் உச்சியில் நின்று, "போதும், இறங்கு" என்று கத்திக்கொண்டிருந்தேன். "தண்ணி டேங்க் மறைக்கி வே" என்று இடப்பக்கம் ஒரே ஒரு அடி வைத்தாய். ஷீட் அப்பளமாக நொறுங்கியது. கீழே ஜீன்ஸ் குவியல் இருந்ததால் தோள்பட்டை எலும்போடு போயிற்று. பட்டறை முதலாளி பாய் ஓடிவந்து, "வாசல் அந்தப் பக்கம்லா இருக்கு?" என்றார். வலியிலும் நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்சியில் என்னிடம் சத்தியம் வாங்கினாய். "வீட்டு பாத்ரூம்ல வழுக்கினேன்னு சொல்லு வே. தெரிஞ்சா எடிட்டர் என்னத் தரையிலயே நிக்க வச்சிருவாரு." சொன்னேன். உன் வீட்டு பாத்ரூமுக்குப் பயந்து ஆபீஸ் பாத்ரூமில் ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டார் எடிட்டர். உன் விபத்தால் இந்த ஆபீஸுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

இன்று செல்வி போகவேண்டியது, நேற்று தீப்பிடித்த ஒரு பட்டறைக்கு. பக்கத்துக் கூரையில் ஏறி எடுப்பதாக இருந்தாள். சூட்டில் வெடித்த ஷீட் எந்த போல்டை மதிக்கும்? சத்தியத்தை மீறினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கேமராப் பையைத் தோளில் மாட்டினாள். பிறகு கேட்டாள்: "எந்தப் பக்கம் கால் வச்சாவ அண்ணாச்சி? அத மட்டும் சொல்லுங்க, நான் அங்க வைக்கல."

"எந்தப் பக்கமும் வைக்காத தாயி! எதிர்த்தாப்புல மாடிக் கட்டடம் இருக்கு. அங்க ஏறு."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். போனவள் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்: "மாடியிலதான் நிக்கேன் அண்ணாச்சி! இந்த வீட்டு அக்கா, சாயா குடிச்சாத்தான் ஜன்னலத் தொறப்பேங்காவ."

படம் சுமார். நீ கூரையில் ஏறி எடுத்திருந்தால் பிரமாதமாக வந்திருக்கும். அந்த நினைப்பும் எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது.

அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஷீட் உடைந்ததும் அந்த ஓட்டைக்குள் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கீழே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மறுபடி கூப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் இருமிக்கொண்டே, "கேமராவுக்கு ஒண்ணும் ஆகல வே" என்றாய்.

உன் எலும்பு கூடிவிட்டது. நீ அதை மறந்தும் போனாய். இன்று அவள் போனை எடுக்காத நேரமெல்லாம் நான் அந்த ஏணியின் உச்சியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.